டோனட் நோம்பி அன்று அப்பா

அப்பாவுக்கு நெஞ்சு வலித்த அந்த வெள்ளிக்கிழமை பேக்கரியில் இருந்தவர்கள்: முதலாளியின் மகன், அடுப்படியில் அப்பாவுக்கு உதவியாக நின்ற மருதன் அண்ணன், தட்டு கழுவும் ராமாத்தாள் அக்கா, அப்புறம் ரோடு வரைக்கும் வரிசையில் நின்ற கூட்டம். இல்லாதவர்கள்: அம்மா, தங்கச்சி, நான். அம்மா துடியலூரில் வேலை செய்கிற வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். தங்கச்சி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான் அதே சரவணம்பட்டியில், பேக்கரியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஏ.சி. போட்ட அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மதியம் வரை எனக்கு ஒரு போன்கூட வரவில்லை.

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்குகிற உறவினர்களே, நண்பர்களே, அப்பா மாரடைப்பால் இயற்கை எய்தினார் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அச்சகத்தில் அந்த வரியைத் தயாராகவே வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சாளைக் குடிசையில் பிறந்தார். தாத்தாவும் ஆத்தாவும் அந்தத் தோட்டத்தில் பண்ணைக்கூலி. பள்ளிக்கூடம் போகிற வயதில் அப்பாவை ஆடு மேய்க்க விட்டார்கள். மீசை முளைக்கும் முன்பே கோயமுத்தூருக்குப் பஸ் ஏறி, ஒரு பேக்கரியில் தட்டு கழுவச் சேர்ந்தார். அங்கிருந்து மாவு பிசைய, அங்கிருந்து அடுப்புக்கு. இரண்டு முழங்கையிலும் சூட்டுத் தழும்பு இல்லாத இடம் கிடையாது. அந்தத் தழும்புகளோடுதான் எங்களைத் தூக்கி வளர்த்தார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் ஊரார் பிறந்தநாள் கேக்கில் எல்லாம் பெயர் எழுதினார் என்றால் நம்புவீர்களா? சீட்டில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து, கோலம் போடுகிற மாதிரி க்ரீமில் அப்படியே வரைந்துவிடுவார். நான் மூன்றாவது படிக்கும்போது என் பெயரைச் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். "அட, இத நான் எத்தன கேக்குல போட்டிருப்பேன்! இது உம்பேரா கண்ணு?" என்று கேட்டு வெகுநேரம் சிரித்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவன் நான். அந்த வாசலுக்கு என்னை அனுப்பியது பன்னும் பப்ஸும்தான்.

அவர் கடைசியாக வேலை பார்த்த சரவணம்பட்டி பேக்கரியை, பெரிய முதலாளிக்கு முடியாமல் போனதும் அவர் மகன் எடுத்து நடத்தினார். வெளியூரில் படித்துவிட்டு வந்தவர். வாசலில் ஒரு கரும்பலகை வைத்தார். இன்று எந்தப் பலகாரத்தின் தினம், அது எந்த நாட்டில் பிறந்தது, அதைப் பற்றி ஒரு சுவையான செய்தி, கீழே அன்றைய தள்ளுபடி. ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் அந்தப் பலகையோடு நின்று போட்டோ எடுத்து இணையத்தில் போடுவார்கள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அந்தப் பலகை ரொம்பப் பிடித்திருந்தது. வேலை முடிந்து வந்து கால் கழுவியதும், "இன்னைக்கு என்ன போட்டிருந்தாங்கன்னு செல்லுல பாத்துச் சொல்லு சாமி" என்பார். பிரெஞ்சுக்காரர்களுடையது என்று எல்லோரும் நினைக்கிற குரோசானுக்கு மூலம் ஆஸ்திரியா நாட்டில் என்று படித்துக் காட்டினேன். "பொறந்த ஊடு ஒண்ணு, பேரு வாங்குன ஊடு ஒண்ணு" என்றார். மிளகாய் நம் நாட்டுச் செடியே இல்லை, கடல் தாண்டி அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்தது என்றதும் அம்மாவைக் கூப்பிட்டார். "கேட்டுக்க. மொளகா வெளியூருக்காரியாமா. அதுக்கு முந்தி நீ பொறந்திருந்தா, எம்மேல கோவம் வந்தா கொழம்புல என்னத்த அள்ளிப் போட்டிருப்ப?"

"வாய வெச்சுட்டுச் சும்மா இருங்க. பய்யன் முன்னால" என்றார் அம்மா.

"இல்ல, நம்முளுக்குப் பொங்கலு, தீவாளின்னு வருசத்துக்கு நாலு நோம்பி. அந்த ஊருக்காரனுக்குத் தெனமும் நோம்பி. ஆனா ஒண்ணு, நோம்பி அவனுது, வேல என்னுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை டோனட் தினம். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம், அன்று ஒருநாள் மட்டும். காலை எட்டு மணியிலிருந்து அப்பா எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றார். பதினொரு மணி வாக்கில் முதலாளி மகனிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். இதை என்னிடம் சொன்னது ராமாத்தாள் அக்கா.

"ஏனுங்க தம்பி, நெஞ்சு கொஞ்சம் அடைச்சாப்பல இருக்குதுங்க. பெருசா ஒண்ணுமில்லீங்க."

"கேஸா இருக்கும் மாஸ்டர். ஒரு சோடா குடிங்க. இந்த ஈடு எடுத்துப்போட்டுப் போயிருங்க."

"சரிங்க."

அந்த ஈடு எடுத்தார். அடுத்த ஈடும் எடுத்தார். வரிசை குறையவில்லை. மறுபடியும் போய், "ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வெரசா வந்தர்றேனுங்களா?" என்று கேட்டிருக்கிறார். மூன்று மணியோடு கூட்டம் அடங்கிவிடும், அப்புறம் தானே காரில் கூட்டிப்போவதாகப் பதில். அதற்கும் "சரிங்க" என்று திரும்பி வந்து மாவை வட்டம் போட்டிருக்கிறார். மருதன் அண்ணன் கரண்டியைக் கேட்டாராம். "உனக்குப் பதம் தெரியாது, கருக்கிப்போடுவ" என்று கொடுக்கவில்லை.

ராமாத்தாள் அக்கா முதலாளி மகனிடம், "தம்பி, அவருக்கு வேர்த்து ஊத்துதுங்க" என்றார்.

"எண்ணெய்ச் சட்டிகிட்ட நின்னா வேர்க்காதுங்களா அக்கா?"

அதற்குப் பிறகு நடந்ததை அந்த அக்கா பெருமையாகச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். கை ஈரத்தோடு உள்ளே போய் கேஸ் அடுப்பை அணைத்தார். கடை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார். "இந்தாளு செத்துப்போனா உன்ற டோனட்ட எவன்டா சுடுவான்?" அப்பாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து, முதலில் வந்த ஆட்டோவை மறித்தார். அப்போது மணி ஒன்றரை. எனக்குப் போன் செய்ததும் அவர்தான்.

பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்ன செய்கிறது என்று கேட்டதற்கு, "இப்பப் பரவாயில்லீங்க" என்றாராம் அப்பா. உட்காரச் சொல்லிவிட்டார்கள். அங்கேயும் அக்காதான் சத்தம் போட வேண்டியிருந்தது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். காலையிலேயே ஏன் வரவில்லை என்று டாக்டர் என்னிடம் கேட்டார். என்னிடம்! அடுத்த புதன்கிழமை அப்பா எங்களை விட்டுப் போனார். நினைவோடு இருந்த ஒரு பொழுதில் என்னிடம் அவர் சொன்னது இது மட்டும்தான்: "சட்டியில எண்ண அப்படியே கெடக்குது கண்ணு. மருதன வடிச்சு வெக்கச் சொல்லு."

காரியமெல்லாம் முடிந்த பிறகு டோனட் தினத்தின் கதையைத் தேடிப் படித்தேன். அன்று பலகையில் எழுதியிருந்ததும் அதேதான் என்றார் மருதன் அண்ணன். முதல் உலகப் போரில் போர்முனைக்கே போய், சிப்பாய்களுக்கு டோனட் சுட்டுக் கொடுத்த பெண்களை நினைத்துப் பார்ப்பதற்காக அமெரிக்காவில் உண்டான நாளாம். எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றவர்களுக்கு நன்றி சொல்கிற நாள்! அதை அழகான எழுத்தில் வாசலில் எழுதி வைத்துவிட்டு, உள்ளே எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. இதைப் படித்த அன்று நான் செல்லைச் சுவரில் எறிந்தேன். தங்கச்சி பொறுக்கி வைத்தாள்.

போன மாதம் முதலாளி மகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவை எடுத்த அன்று வராதவர். "ப்ரோ, மலர் போடறீங்கன்னு கேள்விப்பட்டேன். பிரிண்டிங் செலவ நம்ம பேக்கரி பாத்துக்கும். பின்னட்டையில லோகோ இருந்தாப் போதும். உள்ள ஒரு வரி, மாஸ்டர் கடைசி வரைக்கும் நம்ம கடையில சந்தோசமா இருந்தாருன்னு."

மாமா என் தோளைத் தட்டினார். "வேண்டாங்காத மாப்ள. பெரிய எடம். நாளைக்கு ஒண்ணுன்னா உதவும்."

நான் வாய் திறப்பதற்குள் அம்மா காப்பியோடு வந்தார். முதலாளி மகன் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றார். "லோகோ வேண்டாமுங்க தம்பி" என்றார்.

"அம்மா, நான் வேணும்னு செய்யலீங்க. வலின்னு அவரு சத்தமாச் சொல்லவே இல்லீங்களே."

"ஆமாங்க, சொல்லலீங்க. நீங்களும் அவர அன்னைக்கு ஊட்டுக்கு அனுப்பலீங்க. நீங்க இப்பப் போயிட்டு வாங்க."

சத்தமாகச் சொல்லவில்லையாம். எங்கள் ஆட்கள் எப்போது யாரிடம் சத்தமாகச் சொல்லியிருக்கிறார்கள்? கொங்குக்காரர்கள் மரியாதையாகப் பேசுவார்கள் என்று ஊரெல்லாம் மெச்சுகிறது. எங்கள் தாத்தாவுக்கு அந்த மரியாதையைச் சொல்லிக் கொடுத்தது தோட்டத்துக்காரரின் சாட்டை. தாத்தா அதை அப்பாவுக்குக் கொடுத்தார், அப்பா எங்களுக்குக் கொடுத்தார். கையில் சுட்டாலும் பரவாயில்லீங்க, சம்பளம் தள்ளிப்போனாலும் பரவாயில்லீங்க, ஈ.எஸ்.ஐ. பதியவில்லையா, அதுவும் பரவாயில்லீங்க. நெஞ்சு வலியையும் அதே குரலில்தான் சொன்னார். கேட்டவருக்கு அது வலியாகக் கேட்கவில்லை என்றால் குறை சொன்னவரிடமா? இதைப் படிக்கிற சித்தப்பாமார்களே, மாமாமார்களே, அண்ணன்களே, உங்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வலித்தால் கத்துங்கள். கரண்டியைக் கீழே போடுங்கள். மரியாதை கெட்டவன் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

கேஸை அணைத்ததற்காக வேலையை இழந்த ராமாத்தாள் அக்காவுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. வாடகை வாங்க மறுத்த ஆட்டோ அண்ணனுக்கும், ரத்தம் கொடுக்க வந்த என் அலுவலக நண்பர்களுக்கும், ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு படுத்துக் கிடந்த மருதன் அண்ணனுக்கும், சாளையிலிருந்து பஸ் ஏறி வந்து தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் நன்றி. இந்த மலரின் பின்னட்டை வெறுமையாக இருப்பது அச்சகத்தின் பிழை அல்ல.

அந்த ஆஸ்பத்திரியில் எங்கள் காப்பீட்டு அட்டை செல்லவில்லை. அம்மாவின் தாலிக்கொடி போனது, தங்கச்சி நர்சிங் சேர வைத்திருந்த பணம் போனது, மீதிக்கு என் சம்பளத்தின் மேல் கடன் வாங்கினேன். ஆஸ்பத்திரி, காரியம், இந்த மலர் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது நான்கு லட்சத்து முப்பத்தோராயிரம் ரூபாய்.