பச்சையை நம்பாதவர்

காலையில் வந்ததும் லின்டன் மெக்காஸ்கில் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. நேரே பின்னறைக்குப் போய், அங்கே அடுக்கியிருக்கும் ஏழு கணினிகளையும் வரிசையாகப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று பார்ப்பதுபோல ஒவ்வொன்றிலும் சற்று நேரம் கை நிற்கும். அறையின் வெப்பத்தைக் காட்டும் கருவி ஒன்று சுவரிலேயே இருக்கிறது. அதை மாட்டியதும் அவர்தான். ஆனாலும் கை வைத்தால்தான் அவருக்கு நிம்மதி. "அது கத்துறதுக்கு முன்னாடியே கைக்குத் தெரிஞ்சிடும்" என்பார். இளவயதில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் குளிரறைகளைக் காவல் காத்தவர். சூடு என்றால் இன்றும் அவருக்குப் பயம்.

குளிரைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. தென்துருவத்திலிருந்து வரும் தெற்குக் காற்று எங்கள் டனீடன் துறைமுகத்தைப் புரட்டி எடுக்கும், இங்கே நடுக்குளிர்காலமான ஜூலையிலும் அரைக்கால் சட்டைதான். அறுபதை நெருங்கும் முழங்கால்கள் இரண்டும் நாவல்பழ நிறத்தில் இருக்கும். யாராவது கேட்டால், "கால் என்ன கம்ப்யூட்டரா, கவலப்படுறதுக்கு" என்று பதில் வரும்.

ஏழு கணினிகளுக்கும் அவர் தன் அப்பாவின் ஆட்டுநாய்களின் பெயர்களை வைத்திருக்கிறார். மோஸ், ஃபிளை, ஜெஸ், கேப், டிப், ராய், மெக். "கேப் மூணு நாளா சோம்பல் முறிக்கிறான்" என்று அவர் சொன்னால் வட்டு நிரம்பிவிட்டது என்று அர்த்தம். "ஜெஸ்ஸ யாரும் தொடாதீங்க, அவ மனசு சரியில்ல" என்றால் அன்று அவளைத் தனியே கழற்றி வைத்துப் பார்க்கிறார். புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரிப்பார்கள். இரண்டு மாதத்தில் அவர்களும் அதே பாஷை பேசுவார்கள்.

நாங்கள் நாற்பது பேர் மென்பொருள் எழுதுகிறோம். யார் ஒரு வரியை மாற்றினாலும் இந்த ஏழும் அதை வாங்கி, மொத்த மென்பொருளையும் புதிதாகக் கட்டி, நாலாயிரம் சோதனைகளை ஓட்டிப் பார்க்கும். எல்லாம் தேறினால் கூடத்துத் திரையில் பச்சை, ஒன்று தவறினாலும் சிவப்பு. சிவப்பு இருக்கும்வரை எதுவும் வாசலைத் தாண்டிப் போகாது. அந்த ஏழையும் ஓடவைத்துக்கொண்டே இருப்பதுதான் லின்டனின் வேலை. சரியாக நடக்கும்வரை யார் கண்ணுக்கும் படாத வேலை அது. ஒரு மணி நேரம் நின்றுபோனால் நாற்பது பேரும் அவர் மேஜைமுன் வந்து நிற்போம்.

திரையைப் பார்த்ததும் நாங்கள் சிவப்பைத் தேடுவோம். லின்டன் பச்சையைத் திறப்பார். காலைத் தேநீரோடு, தேறிவிட்ட ஓட்டங்களில் நாலைந்தை எடுத்து வரி வரியாகப் படிப்பார். எல்லாம் சரியாக இருப்பதை ஏன் படிக்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. "சிவப்பு தானா வந்து கூப்பிடும்மா. பச்சதான் வாயத் திறக்காது" என்றார்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. பெரிய ஓட்டம் ஒன்று பச்சையாகி முடிந்தால் பின்னறையிலிருந்து ஒரு சீழ்க்கை வரும். மேய்ச்சலில் நாயைத் திரும்ப அழைக்க அவர் அப்பா அடித்த சீழ்க்கையாம். அதைக் கேட்டால் மாடியில் இருப்பவர்களுக்கும் வேலை முடிந்தது தெரியும். அந்தச் சீழ்க்கை நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எந்த வெள்ளிக்கிழமையால் அது நின்றது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் மென்பொருள் சிறிய மீன்பிடிப் படகுகளுக்கானது. கடலில் இருப்பவர் குறித்த நேரங்களில் 'நலம்' என்று ஒரு செய்தி அனுப்ப வேண்டும். வரவில்லையென்றால் கரையில் மணி அடிக்கும். ஏப்ரலில் ஒரு ஞாயிறு, கோடைகால நேரம் முடிவதால், விடிவதற்கு முன் எங்கள் நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும்; அந்த நேரத்திலும் மணி சரியாக அடிக்கிறதா என்று பார்க்க நான் ஒரு சோதனை எழுதியிருந்தேன். முப்பது முறை ஓடினால் ஒருமுறை அது தவறும். அடுத்தமுறை ஓட்டினால் தேறிவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் புதிய பதிப்பு வெளியாக வேண்டும். என் சோதனை சிவப்பு. சமையலறையில் பீரும் சூடான சீஸ் ரோலும் வந்துவிட்டன. லின்டன் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, இது உன்னோடதுதானே, என்ன சொல்ல வருது?" என்று கேட்டார். என் கையில் பாதி கடித்த ரோல் இருந்தது.

"என் டெஸ்ட்தான் சரியில்ல லின்டன். அப்பப்ப இப்படித்தான் உளறும். திரும்ப ஓட்டுங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

எங்கள் தொழிலில் இதைத் தவறென்றே யாரும் நினைப்பதில்லை. திரும்ப ஓட்டு, தேறிவிடும் என்பது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. அவர் பட்டனை அழுத்தினார். பன்னிரண்டு நிமிடத்தில் பச்சை வந்தது. சீழ்க்கையும் வந்தது.

நாலு வாரம் கழித்து, அந்த ஞாயிறு, வடக்குக் கரையில் தனியாக நீலக்காட் என்னும் கடல்மீன் பிடிக்கப் போன முர்ரே ஹில்டன் என்பவரிடமிருந்து செய்தி வரவில்லை. கரையில் மணி ஒரு மணி நேரம் தாமதமாக அடித்தது. படகுக்காரர் செய்தி அனுப்பவேண்டிய நேரம், கடிகார மாற்றம் என்ற இரண்டு தகவல்களில் எது முந்தி வருகிறது என்பதைப் பொறுத்து எங்கள் மென்பொருள் பழைய நேரத்தையோ புதிய நேரத்தையோ பிடித்துக்கொண்டது. முப்பதில் ஒருமுறை தவறான நேரம். ஹெலிகாப்டர் போனபோது படகு கவிழ்ந்திருந்தது. உடல் மறுநாள் கிடைத்தது. நான் எழுதிய சோதனை உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அதை எழுதிய நானே அதை நம்பவில்லை.

மரண விசாரணையில் அந்த ஓட்டத்தின் பதிவை வாசித்தார்கள். எண் 4417. மறுபடி ஓட்டியவர் லின்டன் மெக்காஸ்கில், வெள்ளி, மாலை 4:41. பதிவில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. பேசியதெல்லாம் பதிவாவதில்லையே. யாராவது உங்களை ஓட்டச் சொன்னார்களா என்று அதிகாரி கேட்டார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"பட்டன அழுத்தினது நான்தாங்க" என்றார் லின்டன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் எழுந்திருக்கவில்லை. ஹெலிகாப்டர் ஒரு மணி நேரம் முன்பே போயிருந்தால் முர்ரே பிழைத்திருப்பாரா என்று சொல்வதற்கில்லை என்று தீர்ப்பு எழுதினார்கள். வெளியே தாழ்வாரத்தில் முர்ரேயின் மனைவி ஃபே, லின்டனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஒரு மணி நேரமும் அவர் மிதந்துக்கிட்டு இருந்தாரா?" என்று கேட்டார். லின்டன் தெரியாது என்றார். கார் நிறுத்தும் இடம்வரை அந்தக் கையை ஃபே விடவில்லை.

அதற்குப் பிறகு லின்டன் ஒரு விதி கொண்டுவந்தார். காரணம் எழுதாமல் எதையும் மறுபடி ஓட்ட முடியாது. ஒருவன் காரணத்தில் 'சும்மா' என்று எழுதிவிட்டான். லின்டன் தேநீரோடு போய் அவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கோபமே இல்லை. இருவரும் மூன்று மணி நேரம் அந்தச் சிவப்பைக் குடைந்தார்கள். அதன்பின் யாரும் 'சும்மா' என்று எழுதவில்லை. திங்கள்தோறும் பழைய ஓட்டங்களை அழித்து இடம் ஒழிப்பார். 4417-ஐ மட்டும் அழிக்கமுடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார். ஏப்ரலில் அந்த ஞாயிறு வந்தால் காலையிலேயே அலுவலகம் வந்து, கணினிகளோடு மத்தியானம்வரை உட்கார்ந்துவிட்டுப் போவார்.

இந்த வருடம் பின்னறையைக் காலிசெய்ய முடிவானது. இனி எல்லாம் வேறொருவரின் பெரிய கணினிக் கூடத்தில், வாடகைக்கு. அதற்கு லின்டன் வருத்தப்படவில்லை. "நாயிங்களுக்கும் வயசாயிடுச்சு" என்றார். அவர் பயந்தது வேறொன்றுக்கு. புது ஏற்பாட்டில் ஒரு வசதி உண்டு. சோதனை தவறினால் அது தானே இன்னும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும். மூன்றில் ஒன்று தேறினால் பச்சை. யாரும் பட்டன் அழுத்தத் தேவையில்லை. பதிவில் யார் பெயரும் இருக்காது.

போன செவ்வாய் அதைப் பற்றிக் கூட்டம். மேலாளர் ஷோனா கெட்டவர் இல்லை. போன மாதம் பதினோரு முறை வெறும் உளறலுக்காக வெளியீடு நின்றது, படகுக்காரர்கள் புதிய பதிப்புக்குக் காத்திருக்கிறார்கள், எல்லா இடத்திலும் இப்படித்தானே செய்கிறார்கள் என்றார். எல்லாமே உண்மை. லின்டன் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"மூணு தடவ கேட்டு ஒரு தடவ ஆமான்னு சொன்னா, அது ஆமா இல்ல ஷோனா. மத்த ரெண்டு தடவ என்ன சொல்லுச்சுன்னு யாராவது கேக்கணும்."

"நீங்க அந்த ஒரு சம்பவத்த மனசுல வச்சுப் பேசுறீங்க லின்டன்" என்றார் ஷோனா, மெதுவாக.

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். நான் பேசியிருக்கவேண்டிய இடம் அது. அந்தச் சோதனையை எழுதியவள் நான், ஓட்டச் சொன்னவளும் நான், 'வெறும் உளறல்' என்றுதான் நானும் அன்று சொன்னேன் என்று சொல்லியிருந்தால் ஷோனா ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். இரண்டாவது முறையும் நான் வாய் திறக்கவில்லை. கை தூக்கச் சொன்னபோது லின்டனோடு சேர்ந்து தூக்கினேன். இரண்டு கைகள் போதவில்லை. வசதியை இயக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் லின்டன் ஏழு கணினிகளையும் நிறுத்தினார். உதவிக்கு என்னை வரச்சொல்லியிருந்தார். மோஸிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக அணைத்து, விசிறி நின்று சத்தம் அடங்கும்வரை கையை எடுக்காமல் நின்றார். மெக் மட்டும் மிச்சம். அதில்தான் 4417 இருந்தது. பழைய ஓட்டங்கள் எதுவும் புது இடத்துக்குப் போகாது என்று ஷோனா சொல்லியிருந்தார். லின்டன் அந்த ஒரே பக்கத்தை மட்டும் தானே உட்கார்ந்து, வரி வரியாகப் புது இடத்தில் பதிந்தார். எண், தேதி, தவறிய சோதனை, மறுபடி ஓட்டியவரின் பெயர். அடியில் குறிப்புக்கு ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டுவிட்டுத் தேநீர் போட எழுந்து போனார்.

மூன்று வருடம் அவர் எனக்காகச் சுமந்தது போதும் என்று தோன்றியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தில் எழுதினேன். ஓட்டச் சொன்னது நான். கீழே என் முழுப்பெயர்.

இரண்டு கோப்பைகளோடு வந்தவர் நின்றபடியே படித்தார். கோப்பைகளை மேஜையில் வைத்தார். நான் எழுந்து இடம் கொடுத்தேன். அது அங்கேயே இருக்கட்டும் லின்டன் என்று சொல்ல நினைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அழிக்கும் விசையை அழுத்திப் பிடித்தால் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். அவர் அப்படிச் செய்யவில்லை. என் பெயரின் கடைசி எழுத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எழுத்தாக, கட்டம் காலியாகும்வரை அழித்தார். சேமித்தார். பிறகு ஒரு கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.