இரண்டு தரம் திரும்பி வந்த ஹெட்போன்

சனிக்கிழமை காலை, கடை திறந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை. மனேஜர் சிவா ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். உள்ளே ரோஸ் நிற ஹெட்போன், அதன் மேல் பூனைக் காது இரண்டு.

"அன்ரி, உங்கடை ஆள் திரும்பவும் வந்திட்டார். போன கிழமை ஒண்டு, இந்தக் கிழமை ஒண்டு. மேலை இருந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"

சிவா என்னிலும் முப்பது வயது இளையவன். நல்ல பிள்ளைதான், ஆனால் ரிட்டேன் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் கறுத்துவிடும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். வாய்தான் அப்படிச் சொன்னதே தவிர, உள்ளுக்குள் வெட்கம் பிடுங்கித் தின்றது. கனடாவில், ஸ்காபரோவில் அந்தக் கடையில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள் நான். கடைசிப் பதினான்கு வருஷமும் ஹெட்போன் மாட்டிய சுவருக்கு முன்னால்தான். ரஞ்சி அன்ரி விற்றால் திரும்பி வராது என்று பெயர் எடுத்து வைத்திருந்தேன். அந்தப் பெயரைத் தவம் என்கிற ஒரு மனிசன் இரண்டு கிழமையில் கப்பலேற்றிவிட்டார்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் கடைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் போன் எடுத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எந்த ஹெட்போனைக் காட்டுவது என்று கேட்கிறார்கள். இது அவர்களுக்காக எழுதுவது. என்னுடைய கெட்டித்தனத்தை அல்ல, மடைத்தனத்தைத்தான் எழுதுகிறேன். அதில்தான் படிக்க விஷயம் இருக்கிறது.

1. வளருகிற பிள்ளை

தவம் முதல்முறை வந்தபோது, ஆளுக்கு முன்னால் அவருடைய குரல்தான் கடைக்குள் வந்தது. ஊரிலுள்ள தமக்கையோடு போனில் கதைத்துக்கொண்டு வந்தார், அதுவும் ஸ்பீக்கரில். ரீவீ பகுதியில் நின்ற ஒரு சீனக் கிழவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. எங்கள் ஆட்கள் ஊருக்குக் கதைத்தால் அப்படித்தானே. என் மனிசன் போன் எடுத்தால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிவிடும். அதனால் எனக்கு அது ஒரு சத்தமாகவே படவில்லை.

ஐம்பது வயது இருக்கும், வாட்டசாட்டமான ஆள். பிள்ளைக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள் வருகிறது, காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் ஒன்று வேண்டும் என்றார்.

"ஆகத் திறமானதாத் தாங்கோ அக்கா. பெரிய ஆக்கள் போடுறதாப் பாருங்கோ. வளருற பிள்ளை, பிறகும் போடும்."

பிள்ளைக்கு ஸ்னோ ஜக்கெற்றை இரண்டு அளவு பெரிதாக வாங்கி, கையை மூன்று மடிப்பு மடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற சனம் நாங்கள். ஜக்கெற்றுக்கு அது சரி. மடிக்கலாம், அடுத்த வருஷம் மடிப்பை விரிக்கலாம். ஹெட்போனை மடித்துப் போட ஏலாது. மேல் பட்டி பெரிதாக இருந்தால் காதுக் கிண்ணம் காதை விட்டுத் தாடைக்கு இறங்கிவிடும். இடைவெளி இருந்தால் வெளிச்சத்தம் உள்ளே வரும். வெளிச்சத்தம் வந்தால் பிள்ளை வொலியூமைக் கூட்டும். பிள்ளையின் காதுக்கு அங்கேதான் கேடு. இவ்வளவையும் அவருக்குச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடையிலேயே பெரிய கறுப்பு ஒன்றை எடுத்தார்.

பிள்ளை கண்ணாடி போடுமா, என்ன கேட்கும், பஸ்ஸில் போடவா வீட்டில் போடவா என்று நான் வழமையாகக் கேட்கிற கேள்விகளைக் கேட்டேன். கண்ணாடி போடும் என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பிள்ளையிடம் கேட்கவில்லையா என்றேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

மிதுனா அவர் பெற்ற பிள்ளை இல்லை. அவளுடைய தகப்பன் அவளுக்கு இரண்டு வயதிலேயே காலமாகிவிட்டார். தாய் சுகந்தியைத் தவம் போன சித்திரையில்தான் கலியாணம் செய்தார். தாயும் மகளும் மோர்னிங்சைட் அப்பார்ட்மென்றை விட்டு, ரூஜில் இருக்கும் அவருடைய வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வந்த நாளிலிருந்து பிள்ளை அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அங்கிள் என்றுகூட இல்லை.

"நான் ஏதும் கேட்டா மறுமொழி சொல்லாது அக்கா. காரிலை பின்னுக்கு இருந்து ஜன்னலாலை பாத்துக்கொண்டு வரும். ஒரு சொல்லுக் கதைச்சா எனக்குக் காணும்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கடையிலேயே திறமான ஹெட்போனைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. பாவமாக இருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்காதே. "தம்பி, கதைக்காத பிள்ளையின்ரை காதை மூடுறதுக்கு நீரே காசு குடுக்கிறீர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கேட்டிருக்காது என்று அப்போது எனக்குத் தெரியாது, பகிடி பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

2. பூனைக் காது

அடுத்த சனிக்கிழமை கறுப்புப் பெட்டி திரும்பி வந்தது. மேசையில் குனிந்து வீட்டுப்பாடம் செய்தால் ஹெட்போன் கழன்று கொப்பியில் விழுகிறதாம். எனக்கு ஒரே புளுகம், தலைகால் தெரியாத சந்தோஷம். நான் சொன்னேன்தானே என்று ஒரு பிரசங்கம் வைத்துவிட்டு, அதே வேகத்தில் நானும் சறுக்கினேன். பெரிது சரிவரவில்லை, ஆகவே சின்னது என்று கணக்குப் போட்டு, பிள்ளைகள் பகுதியிலிருந்து பூனைக் காது வைத்த ரோஸ் நிறத்தைத் தூக்கிக் கொடுத்தேன். சத்தம் ஒரு அளவுக்கு மேல் போகாது, பாரமில்லை, தலைக்கு இறுக்கமாக நிற்கும். சாமான் நல்ல சாமான்தான்.

ஆனால் பன்னிரண்டு வயதுப் பெட்டை பூனைக் காதோடு பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறுவாளா? எட்டு வயதில் அழுது வாங்குவாள். பன்னிரண்டில் அதைப் போடுவதிலும் பார்க்கக் காதே இல்லாமல் இருக்கலாம் என்பாள். பதினான்கு வருஷம் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றும் அந்த நேரம் இது என் மண்டையில் ஏறவில்லை. வயதைக் கேட்டேன், தலையின் அளவைக் கேட்டேன், பிள்ளை எப்படிப்பட்டவள் என்று கேட்கவில்லை.

மிதுனா கோபிக்கவில்லையாம். தாங்ஸ் என்று சொல்லி, ஹெட்போனைப் பெட்டியில் பழையபடி வைத்து, ஒட்டுகிற ரேப்பையும் சுருக்கமில்லாமல் ஒட்டிக் கொடுத்தாளாம். அதைச் சொன்னபோது தவத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எறிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றார். இதுதான் சிவா பெட்டியைக் கொண்டுவந்து வைத்த அந்தச் சனிக்கிழமை.

பிள்ளை எங்கே என்று கேட்டேன். இரண்டாம் தரம் கேட்ட பிறகுதான் காரில் இருக்கிறாள் என்றார். சப்ரைஸ் கொடுத்தது போதும், உள்ளே கூட்டிக்கொண்டு வாரும் என்று விரட்டினேன்.

3. வொலியூம்

கண்ணாடி, பல்லில் கம்பி, தலையில் ஹூடி. கையைச் சட்டைக் கைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு மிதுனா வந்தாள். ஹலோ என்று அவள் சொன்னதைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது. அப்படி ஒரு மெல்லிய குரல். ஆனால் ஊமைப் பிள்ளை இல்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பஸ்ஸில் பாட்டு, வீட்டில் கதைப் புத்தகம் கேட்பது, கண்ணாடிக் காம்பு அழுத்தினால் தலை இடிக்கும், சாம்பல் நிறம் பிடிக்கும். ஐந்து நிமிஷத்தில் எனக்கு வேண்டிய எல்லாம் கிடைத்துவிட்டது.

மூன்றைக் கொடுத்து, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு குனிந்து சப்பாத்து லேசைக் கட்டச் சொன்னேன். இது என்னுடைய பரீட்சை. சாம்பல் நிறமொன்று அசையவில்லை. பெரியவர்களுடையதில் சின்ன அளவு, மெத்தை மெதுவானது, வொலியூமுக்குப் பூட்டுப் போடலாம். சார்ஜ் முடிந்தால் வயர் குத்தியும் கேட்கலாம். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

தவம் தானும் ஒருக்கால் கேட்டுப் பார்க்கவேண்டும் என்றார். பூட்டு இன்னும் போடவில்லை. ஒரு பாட்டைப் போட்டு, கூட்டினார், இன்னும் கூட்டினார். பிறகு கழற்றி என்னிடம் நீட்டினார்.

"மெல்லமாக் கிடக்கு அக்கா. உது பழுதோ?"

மிதுனா அதை வாங்கித் தன் காதில் வைத்தவள், அம்மா என்று கத்திக்கொண்டு பிடுங்கி எறிந்தாள். வொலியூமைப் பார்த்தேன். அதற்குமேல் கூட்ட இடமில்லை.

அந்தக் கணத்தில்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. நான் மெல்ல அவருக்குப் பின்னால் போய் நின்று, "தம்பி, மனேஜர் உம்மைத் தேடிக்கொண்டு வாறார்" என்றேன். சாதாரணக் குரல்தான். மனிசன் அசையவில்லை. மிதுனா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வாய் திறந்தபடி நின்றாள்.

எங்கே வேலை என்று முன்னால் வந்து, உரக்கக் கேட்டேன். ஒஷாவாவில் காருக்குத் தகடு அடிக்கிற தொழிற்சாலையில், பிறெஸ் மெசினில் என்றார். பத்தொன்பது வருஷம். தொடக்கத்தில் காதுக்கு அடைப்பான் போடுவதில்லையாம். காது சோதித்தீரா என்றேன்.

"மனிசி சொல்லுறவதான், காது கேக்காதோ எண்டு. அது எல்லா மனிசிமாரும் சொல்லுறதுதானே."

உண்மைதான். நானும் என் மனிசனுக்குத் தினமும் சொல்கிறேன், ஒருநாளும் காது டொக்ரரிடம் அனுப்பியதில்லை. ஆம்பிளை கத்திக் கதைத்தால் குணம் என்கிறோம், கூப்பிடத் திரும்பாவிட்டால் திமிர் என்கிறோம். காது என்று ஒன்று இருப்பது எங்களுக்கு நினைவே வராது.

பெரிய ஹெட்போன் சிலவற்றில் வெளிச்சத்தத்தைக் கூட்டி உள்ளே விடுகிற வசதி இருக்கிறது. கதைப்பவர்களின் குரல் அதில் நன்றாகக் கேட்கும். காட்சிக்கு வைத்திருந்த ஒன்றை, களவு போகாமல் கட்டியிருந்த வயரோடு எடுத்து, அந்த வசதியைப் போட்டுவிட்டு, தவத்தின் தலையில் மாட்டினேன். அவர் பேந்தப் பேந்த முழித்தார். கடையில் ஒரு ஏசி ஓடுவது தனக்கு இப்போதுதான் தெரியும் என்றார், வழமைபோலக் கத்தி.

"ஹீ இஸ் ஸோ லௌட்" என்று மிதுனா தனக்குள் முணுமுணுத்தாள்.

தவம் திரும்பினார். "நான் சத்தமாவோ கதைக்கிறன், பிள்ளை?"

மிதுனா என் பக்கம் ஒதுங்கினாள். பிறகு என்னிடம்தான் கேட்டாள், அவரிடம் அல்ல. அப்படியென்றால் இவருக்குக் கேட்கிறதே இல்லையா என்றாள். என்னோடு எந்நேரமும் கோபமாக இருக்கிறார், அதுதான் கத்துகிறார் என்று நினைத்தேன் என்றாள். நான் ஒவ்வொரு நாளும் பதில் சொல்கிறேன், அவர்தான் கேட்காத மாதிரிக் கார் ஓட்டுவார் என்றாள். சட்டைக் கையைத் திருகிக்கொண்டே மேலும் சொன்னாள்.

"சமர்லை, பீச்சுக்குப் போகேக்கை, நான் அப்பா எண்டு கூப்பிட்டனான். ஹீ டிடின்ற் ரேர்ன், திரும்பியே பாக்கேல்லை. ஸோ... நான் பிறகு கூப்பிடேல்லை."

ஹெட்போன் அவர் தலையில்தான் இருக்கிறது என்பதை அவள் மறந்துவிட்டாள். நானும் மறந்துவிட்டேன். தவம் ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டு நின்றார். அவருடைய கண் நிறைந்துவிட்டது, என்னுடையதும்தான், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

"இன்னொருக்காச் சொல்லு பிள்ளை" என்றார். அந்த மனிசன் மெல்லக் கதைத்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

எல்லாரும் பார்க்கிறார்கள், மாட்டேன் என்று அவள் விறுவிறுவென்று போய் ரீவீ அடுக்குக்குப் பின்னால் மறைந்துவிட்டாள். சரி, வெட்கப்பட்டுவிட்டாள், காரியம் கெட்டுது என்று நான் நினைக்க, அடுக்குக்குப் பின்னாலிருந்து அதே மெல்லிய குரலில், அவரைச் சோதித்துப் பார்க்கிற மாதிரி வந்தது.

"அப்பா."

தவம் திரும்பிய வேகத்தில் வயர் இழுபட்டு, ஸ்ராண்ட் கவிழ்ந்து, பதினொரு ஹெட்போன் நிலத்தில் கொட்டுண்டு, கடை முழுக்க அலாரம் அடித்தது. சிவா தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடிவந்தான். யார் இழுத்தது என்று கத்தினான். நான்தான் என்றேன். தவத்துக்கு அலாரமும் கேட்கவில்லை, சிவாவும் கேட்கவில்லை. அவர் ரீவீ அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இனி, பிள்ளைகளே, நான் படித்த பாடம். பன்னிரண்டு வயதுக்கு ஹெட்போன் என்றால் நடு அளவு, பாரம் குறைவு, வொலியூமுக்குப் பூட்டு, குனிந்தால் விழக்கூடாது, பூனைக் காது கூடவே கூடாது. முடிந்தால் பிள்ளையையே கூட்டி வரச் சொல்லுங்கள். இதெல்லாம் பெட்டியிலும் எழுதியிருக்கும். பெட்டியில் எழுதாத ஒன்று, வாங்க வந்தவரின் காதிலும் ஒருக்கால் மாட்டி, அவர் வொலியூமை எங்கே கொண்டுபோய் விடுகிறார் என்று பாருங்கள். வாங்குகிறவர் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார், அந்த வொலியூம் கோடுதான் சொல்லும்.

தவம் காது சோதித்து, இரண்டு காதுக்கும் மெசின் வைத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து எனக்குப் போன் எடுத்தார். குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரிக் கதைத்தார்.

"அக்கா, பிள்ளை சரியான வாய். காலமை காரிலை ஏறினா இறங்குமட்டும் ஓயாது. ஆசிரியர், சிநேகிதி, பள்ளிக்கூட நாடகம், எல்லாம் எனக்குத்தான். நீங்கள் தந்த ஹெட்போன் மடியிலை கிடக்கு, போடுறாளில்லை. என்ன செய்யிறது?"

அப்படியென்றால் உம்முடைய மெசினைக் கழற்றி வையும் என்றேன்.

"உங்களுக்கென்ன விசரோ அக்கா" என்றார்.