அஜாதே

எங்கள் குழுவுக்கு ஒரே ஒரு பாட்டுதான் ஓடியது. அதுவும் ஒரு பிழையால் ஓடியது. பிழை யாருடையது என்று கேட்டால் பாடியவளுடையது என்றுதான் இன்றும் எல்லோரும் சொல்வார்கள். நானும் பல இடங்களில் அப்படிச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

குழுவில் மூன்று பேர். நான் தில்லி கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் வளர்ந்து, மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்து, குர்கானில் கணினி வேலைக்குப் போனவன். கடையைக் கட்டிய ஒரு கல்யாண ஆர்கெஸ்ட்ராவிடமிருந்து பழைய சிந்தசைசர் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அதில் எண்பதுகளின் சத்தம் வரும். மேலே மணியடிப்பது போல ஒரு சுரம், கீழே இயந்திரம் தட்டும் தாளம், மனிதக் கை பட்ட அடையாளமே இருக்காது. எனக்கு அதுதான் பிடித்தது.

இரண்டாமவன் மதுரைக்காரன். செய்திச் சேனலில் மொழிபெயர்ப்பு வேலை. யமுனைக்கு இந்தப் பக்கம் தமிழைக் காப்பாற்றத் தன்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு அவனுக்கு. பாட்டு எழுதியது அவன்.

மூன்றாவது, அவள். மோதி பாக்கில் வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கம், அம்மா பஞ்சாபி. அந்தக் கல்யாணத்தோடு அப்பா வீட்டார் உறவை அறுத்துக்கொண்டார்கள். அவளுக்கு நான்கு வயதானபோது அப்பா இறந்துபோனார், அவரோடு வீட்டிலிருந்த தமிழும் போய்விட்டது. நொய்டாவில் நிதி நிறுவன வேலை, நல்ல சம்பளம், அருமையான குரல். ஊரில் அப்பாவின் அக்கா ஒருத்தர் இருக்கிறார் என்று மட்டும் தெரியும். அப்பா மொழியில் ஒரு பாட்டுப் பாடி அந்த அத்தைக்கு அனுப்ப வேண்டும், அத்தை தன்னை அந்த வீட்டுப் பெண் என்று ஒரு முறையாவது சொல்ல வேண்டும். அவள் எங்களோடு சேர்ந்தது இதற்காகத்தான். முதல் நாளே, கொஞ்சமும் கூச்சமில்லாமல், இந்தியில் சொன்னாள். கேட்டுவிட்டு மதுரைக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஊருக்குக் கிளம்பும் அப்பா குழந்தையிடம் சொல்வதாக அவன் எழுதினான். ‘அழாதே அழாதே, அடுத்த ரயிலில் வந்துவிடுவேன்.’ அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதால் ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பினான். ழகரத்துக்கு நம் ஆட்கள் என்ன போடுவார்களோ அதைத்தான் போட்டான், இசட்டும் எச்சும். தில்லியில் இசட்டைப் பார்த்த நாக்கு நேராக ஜகரத்துக்குத்தான் போகும். பதிவு நாளன்று அவனுக்கு டியூட்டி, வரவில்லை. லாஜ்பத் நகரில் தரைக்குக் கீழே இருந்த ஒரு அறையில் மதியம் பதிவு. அவள் கண்ணை மூடிக்கொண்டு உயிரைக் கொடுத்துப் பாடினாள்.

“அஜாதே… அஜாதே…”

நான் நிறுத்தக் கை தூக்கினேன். அதற்குள் பக்கத்திலிருந்த ஒலிப்பதிவுக்காரர் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார். “ஆஜா! ஆஜாவா சொல்றா? மஸ்த் ஹை யார்!” என்று இந்தியில் மெச்சினார். ஆஜா என்றால் இந்தியில் வா என்று அர்த்தம். என் கை அப்படியே கீழே இறங்கியது. தமிழ் தெரியாத ஒரு ஊர் முழுக்கத் தலையாட்டப் போகிறது என்று அந்த ஒரு தலையைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். “டீக் போலா நா, சரியா சொன்னேனா? எங்கப்பா சொல்ற மாதிரி இருந்துச்சா?” இந்தியில்தான் கேட்டாள்.

“ஏக்தம், அச்சு அசல் அப்பாதான்” என்றேன்.

வாழ்க்கையில் நான் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு சுலபமாக ஒன்று வந்ததில்லை.

பாட்டு வெளிவந்த இரண்டு வாரத்தில் கல்லூரி விழாக்களில் ஓடியது, பிறகு ரீல்ஸில் ஓடியது, பிறகு கல்யாணங்களில் மாப்பிள்ளை குதிரையிலிருந்து இறங்கும்போது ஓடியது. குழந்தையிடம் அழாதே என்று சொல்லும் வரிக்குப் பஞ்சாபி மாமாக்கள் இடுப்பை ஒடித்து ஆடினார்கள். மதுரைக்காரன் போனில் கத்தினான்.

“என்னடா பண்ணி வச்சிருக்க? ழ எங்கடா? அவகிட்ட சொன்னியா இல்லையா?”

“இப்ப சொன்னா அந்தப் பொண்ணு ஒடைஞ்சு போயிரும். அவங்கப்பா பாட்டுடா அது” என்றேன்.

கருணை மாதிரி ஒரு கருவி கிடையாது. அவன் வாயை அது அடைத்துவிட்டது. அவளிடம் சொல்லவும் மனம் வராமல், பாட்டைத் தாங்கவும் முடியாமல் விலகிப் போனான். இது தன் பாட்டே அல்ல என்று தன் முகநூல் பக்கத்தில் பத்தி பத்தியாக எழுதினான். தமிழில்தான் எழுதினான், ஆகவே அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு பெண்ணை வைத்துச் சரியான உச்சரிப்போடு அதே பாட்டைப் பதிவு செய்து போட்டான். கேட்டவர்கள் எல்லாம் போலி என்று திட்டினார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது, வரக்கூடாதுதான்.

தமிழர்களும் பாட்டைக் கேட்டார்கள், கேட்டுக் கிழித்தார்கள். கோல் மார்க்கெட் மிட்டாய்க் கடையில் சமோசாவுக்கு முன் உட்கார்ந்து அவள் போனை என்னிடம் நீட்டுவாள். “யே க்யா லிகா ஹை? என்ன எழுதியிருக்கு?”

‘தமிழைக் கொன்னுட்டா’ என்று ஒருவன் எழுதியிருந்தான்.

“கொன்னுட்டான்னு போட்டிருக்கான். மார் டாலா! எங்க ஊர்ல இதுக்கு மேல பாராட்டே கிடையாது” என்றேன். அவள் கன்னம் சிவந்தது.

“இது?”

‘யாராவது அந்தப் பொண்ணுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுங்கப்பா, தொண்டைல ஏதோ சிக்கிருச்சு.’

“உன் குரலைக் கேட்டா தாகம் தீருதாம்.”

அவள் அதைத் தன் அம்மாவுக்கு அனுப்பினாள். வாரம் ஒரு முறை இப்படி ஒரு மணி நேரம் வாசிப்பேன். எனக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது. வசை எவ்வளவு மோசமாக இருக்கிறதோ அவ்வளவு அழகாக மாற்றிச் சொல்வேன். வாய்விட்டுச் சிரிப்பு வந்தால் சட்னி காரம் என்று தண்ணீர் குடிப்பேன்.

அந்தக் குளிர்காலத்தில் அப்பாவின் பழைய அலுவலக நண்பர் ஒருவரிடமிருந்து அத்தையின் எண் அவளுக்குக் கிடைத்தது. பாட்டின் வீடியோவை அனுப்பிவிட்டாள். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. என்னைப் பேசச் சொன்னாள். தால்கட்டோரா தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து என் போனிலிருந்து கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். வண்டிச் சத்தத்தில் கேட்காது என்று காதில் வைத்துக்கொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை நான் பயந்தபடி இல்லை. கோபமே இல்லாமல் பேசினார். அந்தச் சொல்லை அவள் தப்பாகச் சொல்கிறாள் என்றார், கூட்டிக்கொண்டு வரச் சொன்னார், பழைய சண்டையெல்லாம் தன் அப்பாவோடு போயிற்று என்றார். நான் “சரிங்கம்மா, சரிங்கம்மா” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

கல்யாண சீசனுக்குப் பதினோரு நிகழ்ச்சிகள் ஒப்புக்கொண்டிருந்தோம். அவள் ஊருக்குப் போனால் வாசலிலேயே அந்தப் பிழை தெரிந்துவிடும். அதன் பிறகு செத்தாலும் அப்படிப் பாட மாட்டாள். நான் யோசித்தது இவ்வளவுதான், இதற்கு மேல் ஒன்றுமில்லை.

“பாட்டு நல்லா இருக்காம். ஆனா வீட்ல ஒத்துக்க மாட்டாங்களாம். இனிமே கூப்பிட வேண்டாம்னு சொல்லிட்டாங்க” என்றேன்.

“அச்சா” என்றாள். கொஞ்ச நேரம் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு மறுநாள் ஒத்திகை எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

அடுத்து மூன்று பாட்டு போட்டோம், மூன்றும் படுத்துவிட்டன. குறை தன் தமிழில்தான் இருக்கிறது என்று அவளாகவே முடிவு செய்து, ஆன்லைனில் ஒரு டீச்சரைப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். நான் கேலி செய்தேன். ஐந்தாறு மாதம் கழித்து ஒத்திகையில், பாட்டின் நடுவில் நின்றாள். நாக்கை மடித்து, மெதுவாக, “அழாதே” என்றாள். அவ்வளவு சுத்தமான ழகரத்தை நான் என் பள்ளிக்கூடத்திலேயே கேட்டதில்லை.

என்னைப் பார்த்தாள். நான் வயரைச் சுருட்டத் தொடங்கினேன்.

“முதல் நாளே உனக்குத் தெரியுமா?”

“தெரியும். பாட்டு ஓடுச்சில்ல?”

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அடுத்த வாரம் குர்கானில் ஒரு கல்யாணம், வந்தாள். மேடையில் பாட்டைச் சரியாகப் பாடினாள், அழாதே அழாதே என்று. கூட்டம் விழித்தது. “ஆஜா வாலா காவோ!” என்று, ஆஜா பாட்டைப் பாடச் சொல்லிப் பின்னாலிருந்து கத்தினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் சரியாகவே பாடினாள். நான் அவள் மைக்கை முழுவதும் இறக்கிவிட்டு, லேப்டாப்பிலிருந்த பழைய பதிவை ஏற்றினேன். ஸ்பீக்கரில் அவளுடைய தப்பான குரல் வந்தது. கூட்டம் ஆடியது. மேடையில் அவள் உதடு வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு வரி பாடிய பிறகுதான் அவளுக்கே புரிந்தது. மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். பாட்டு முடியும் வரை யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு நான் துவாரகாவிலிருந்து ஒரு பெண்ணைப் பிடித்தேன். கும்பகோணத்து வீட்டுப் பெண், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. அவளுக்கு நான் பிழையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. “ழ வேணாம்மா. ஜ. நாக்கை மடிக்காத.” மூன்று நாள் ஆயிற்று.

போன மாதம் பழையவள் கூப்பிட்டாள். அதே மிட்டாய்க் கடை, காலை பதினோரு மணி. அவள் எதையும் வாங்கவில்லை. தமிழில் பேசினாள், பாடப்புத்தகத் தமிழ், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி.

“நானே அத்தை வீட்டுக்குப் போன் செய்தேன். அத்தை மகன் எடுத்தார். தை மாதம் அத்தை இறந்துவிட்டார்கள். என்னை வரச் சொன்னார்களாம். கடைசி வரை கேட்டார்களாம், அந்தப் பெண் ஏன் வரவில்லை என்று.”

நான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

“அன்று அத்தை என்ன சொன்னார்கள்? அப்படியே சொல். இந்தியில் வேண்டாம்.”

எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது. அதுதான் கேவலம். சொன்னேன்.

“‘என் தம்பி மூஞ்சியேதான் அந்தப் பிள்ளைக்கு. பாவம், அழாதேன்னு சொல்ல வரல. ஒருக்கா கூட்டிட்டு வாங்க. என் மருமகளுக்கு நான் சொல்லிக் குடுக்க மாட்டனா?’”

அவள் முகம் சுருங்கியது. “மருமகள் என்றால் பஹூ, மகனின் மனைவி அல்லவா? என்னை ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்?”

“தம்பி மகளையும் அத்தை அப்படித்தான் சொல்வாங்க. தன் வீட்டுப் பொண்ணுன்னு அர்த்தம். நீ அவங்களுக்கு மருமகள்தான்.”

நான் அவளுக்கு உண்மையாகச் சொன்ன அர்த்தம் இது ஒன்றுதான். அவள் எந்த வார்த்தைக்காக எங்களோடு சேர்ந்தாளோ, அந்த வார்த்தை. அவள் என் முகத்தை வெகு நேரம் பார்த்தாள். எதையோ தேடினாள், அது அங்கே இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்கிறேன்” என்றாள்.