ஆவி பிடித்த கதை

சுடுதண்ணீர் சுடும் என்று எனக்கு முறைப்படி அறிவிக்கப்பட்டதாக ஒவ்வொரு மாதமும் கையெழுத்துப் போடுகிறேன். ருமேனியாவில் பிரஷோவ் என்ற மலை நகரத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் எனக்கு வேலை. மாதம் பிறந்ததும் மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டுவார். எண்ணெய் சுடும், கத்தி வெட்டும், ஈரத்தரை வழுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் கீழே என் பெயர். இலங்கையில் எங்கள் ஹட்டன் பக்கத்துப் பனியைப் போலவே இங்கேயும் பனி மலையை மூடிக்கொள்கிறது. ஆனால் தேயிலை இல்லை. தேநீர் வேண்டும் என்றால் “உடம்பு சரியில்லையா?” என்று கேட்கிறார்கள். இவர்களுக்கு அது நோயாளியின் பானம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

வேலைக்குச் சேர்ந்தபோது மருத்துவப் பரிசோதனை நடந்தது. என் வலது தொடையில் இருக்கும் தழும்பைப் பார்த்துவிட்டு டாக்டர் அம்மா, “அச்சிதென்ட் தெ முங்க்கா?” என்றார். வேலையில் நேர்ந்த விபத்தா என்று கேட்கிறார். எனக்கு அப்போது அந்த மொழியில் பத்துச் சொற்கள்தான் தெரியும். “நு. கோவித்” என்றேன். இல்லை, கோவிட் என்று பொருள். அவர் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு தழும்பை மீண்டும் பார்த்தார். பக்கத்து அறையிலிருந்து இன்னொரு டாக்டரை அழைத்து வந்தார். அவரும் குனிந்து பார்த்தார். தொடையைத் தின்னும் புதுவகைக் கொரோனா ஒன்று இலங்கையில் இருப்பதாக இருவரும் நினைத்திருக்க வேண்டும். விளக்கிச் சொல்ல அன்று என்னிடம் மொழி இல்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

கொரோனா வந்து ஊரடங்கு போட்டபோது நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். ஹோட்டலை மூடினார்கள். டிக்கோயாவுக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்ந்தேன். ஒரே கூரையின் கீழே பன்னிரண்டு வீடுகள். நடுச்சுவர்கள் கூரை வரை எட்டாது. பக்கத்து வீட்டில் யார் என்ன சொன்னாலும் நமக்குக் கேட்கும். பதினொரு வருடம் பெரிய அடுப்புகளோடு வேலை செய்தும் உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை என்று நான் அடிக்கடி பீற்றிக்கொள்வேன். என் மனைவி சரசு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள்.

அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. நாளுக்கு மூன்று முறை ஆவி பிடித்தால் கொரோனா அண்டாதாம். சொன்னவர் யாரோ ஒரு பெரிய டாக்டராம். சரசு அன்றே பதவி ஏற்றுக்கொண்டாள். கொதிக்கும் பானையில் யூக்கலிப்டஸ் இலையையும் மஞ்சளையும் அள்ளிப் போட்டாள். மிளகும் தட்டிப் போட்டாள். பானையை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்து, என்னை முன்னால் உட்காரவைத்து, போர்வையால் மூடினாள். “நூறு எண்ணுற வரைக்கும் வெளிய வரக்கூடாதுங்க. அடுத்தது பாப்பா மொறை” என்றாள். பாப்பா எங்கள் மகள். அப்போது நான்கு வயது.

மிளகு தொண்டையில் ஏறியது. ஒரு முறை இருமினேன். அந்த நாட்களில் லயத்தில் இருமுவது பெரிய குற்றம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து புஷ்பம் அக்கா, “யாரது இருமுறது?” என்று கத்தினார். அடுத்த இருமலை விழுங்கப் பார்த்தேன். அது விழுங்குகிற இருமல் இல்லை. உடம்பு தூக்கிப் போட்டது, முழங்கால் ஸ்டூலை இடித்தது, பானை அப்படியே என் மடியில் கவிழ்ந்தது.

அதன் பிறகு நான் போட்ட சத்தம் அடுத்த தோட்டத்துக்கும் கேட்டதாம். சரசு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இடுப்புச் சாரத்தை உருவி எறிந்தாள், மலை ஊற்று குழாய் வழியே கொட்டும் பீலிக்கு இழுத்துப் போனாள், பட்டப்பகலில் லயமே பார்க்க என்னை அதன் கீழே நிறுத்தினாள். புஷ்பம் அக்கா பற்பசையோடு ஓடி வந்தார்.

“இதத் தடவுடி, குளுந்துரும்!”

“தொடையில பல்லா இருக்கு அக்கா? போங்க அங்கிட்டு!” என்று சரசு அதைத் தட்டிவிட்டாள். அந்த வேதனையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இன்னும் எரிந்தது.

ஊரடங்கில் சுகாதாரப் பரிசோதகரின் அனுமதி இல்லாமல் ஆஸ்பத்திரிக்குக்கூட எந்த வாகனமும் நகராது. அவருடைய எண்ணை எல்லாக் கதவிலும் ஒட்டியிருந்தார்கள். சிங்களம் எனக்குத்தான் நன்றாக வரும் என்பதால் நானே பேசினேன். மலையில் சிக்னல் வெட்டி வெட்டித்தான் வரும். “மாத்தயா, உணு வத்துர, கக்குல பிச்சுனா” என்றேன். சுடுதண்ணீர், கால் வெந்துவிட்டது என்று பொருள். அவர் காதில் ‘உணு’ என்ற சொல்லின் பாதிதான் விழுந்தது. சிங்களத்தில் ‘உண’ என்றால் காய்ச்சல்.

“உண தியெனவத?” காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிறார். எனக்கு அது ‘உணு’ என்று கேட்டது.

“ஒவ் மாத்தயா, உணு! ஹொந்தட்டம உணு!” ஆமாம் ஐயா, சூடு! நல்ல சூடு!

அரை மணி நேரத்தில் வேன் வந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை உடை போட்ட நால்வர் இறங்கி, ஆறடி தள்ளி நின்று என்னை நடக்கச் சொன்னார்கள். துண்டைப் பிடித்துக்கொண்டு கால்களை அகட்டி அகட்டி நடந்தேன். என் தொடையை யாரும் பார்க்கவில்லை. என் மூச்சிலிருந்துதான் அவர்கள் கண்ணை எடுக்கவில்லை. வேன் கிளம்பும்போது லயத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் பதினான்கு நாள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக முடியாது. எல்லாம் என் ஒரு சொல்லால். (ருமேனிய மொழியில் ‘உனு’ என்றால் ஒன்று. வந்த புதிதில் சமையலறையில் யாராவது அப்படிக் கத்தினால் துள்ளி விலகுவேன். பைத்தியம் என்று நினைத்தார்கள்.)

ஒரு பள்ளிக்கூடத்தில் அடைத்தார்கள். காலையும் மாலையும் நெற்றியில் துப்பாக்கி மாதிரி ஒன்றைக் காட்டிச் சூடு பார்த்தார்கள். காய்ச்சல் இல்லை என்று பாராட்டினார்கள். காலைக் காட்டினால், முதலில் பரிசோதனை முடிவு வரட்டும் என்றார்கள். மூன்றாம் நாள் புண் நாறத் தொடங்கியது. அன்றுதான் எனக்கு உண்மையிலேயே ‘உண’ வந்தது. அன்று மாலை முடிவும் வந்தது. கொரோனா இல்லை.

பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வார்டில் பக்கத்துக் கட்டிலில், துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணன் குப்புறப் படுத்திருந்தார்; எங்களுக்கு அவர் நானா. “என்ன தம்பி, நீங்களும் ஆவியா?” என்றார். பானையைத் தூக்கி வந்த மனைவியோடு வாசலில் மோதியவர் அவர். அந்த வரிசையில் ஆறு பேர். ஒருவருக்கும் கொரோனா இல்லை. கொரோனாவுக்குப் பயந்து வெந்தவர்கள். கட்டுப் பிரிக்கும் நேரத்தில் ஆறு பேரும் ஒரே சுருதியில் அலறுவோம். மற்ற நேரத்தில் யாருடைய மனைவி அதிகப் பிடிவாதக்காரி என்று போட்டி நடக்கும். நானாவை ஜெயிக்க முடியவில்லை.

சரசு தினமும் போன் செய்தாள். புஷ்பம் அக்கா காலை முதல் மாலை வரை சுவர் வழியாகத் திட்டுவாராம். “ஒம் புருஷன் தொடைக்குப் பதிலா வாயி வெந்திருக்கணும்டி!” திட்டி முடித்ததும் சுவருக்கு மேலே ஒரு தட்டு வருமாம், ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்து. பாப்பாவுக்குத் தனியாகச் சீனி தூவிய ரொட்டி. அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று பேச்சை நிறுத்தினாள்.

“என்னா சரசு?”

“அடுத்தது பாப்பா மொறைங்க” என்றாள். பிறகு அழுதாள். பானை கவிழ்ந்த நாளில்கூட அவள் அழவில்லை. பாப்பாவைக் கூப்பிட்டுப் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

ஆறு வாரத்தில் நடந்தேன். ஹோட்டல் திறந்தது, மறுபடி மூடியது, பிறகு பணமில்லாமல் நாடே கிட்டத்தட்ட மூடியது. நான் இங்கே வந்தேன்.

போன குளிர்காலத்தில் எனக்குக் கடும் சளி. நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் வியோரிகா என்ற அம்மா, எழுபதைத் தாண்டியவர், கதவைத் தட்டினார். ஒரு கையில் ஆவி பறக்கும் பாத்திரம், தோளில் துண்டு. பாத்திரத்தில் ஏதோ மஞ்சள் பூக்கள் மிதந்தன. இவர்களும் ஆவி பிடிப்பார்களாம்! நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன். “நு, நு” என்றேன். அப்போது சரசு போனில் வீடியோவில் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“யாருங்க அது? என்னா கொண்டாந்திருக்காங்க?”

போனைத் திருப்பிக் காட்டினேன். பாத்திரத்தைப் பார்த்ததும் சரசுவின் முகம் வெளுத்தது. பிறகு என் இருமலைக் கேட்டாள். “கீழ வைக்கச் சொல்லுங்க. தரையில. சுவத்தோரமா” என்றாள். சைகை செய்தேன். அந்த அம்மா தரையில் வைத்தார். சரசு போனுக்குள்ளிருந்து இரண்டு கையாலும் போர்வை போடுவதுபோல் காட்டினாள். அவர் தலையாட்டி என் தலையில் துண்டைப் போட்டார். ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லாத இரண்டு பெண்கள் ஒரு நிமிடத்தில் எனக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள்.

துண்டுக்குள் இருட்டு. மிளகின் காரம் இல்லை, பூவின் வாசம். சரசு தமிழில் எண்ணத் தொடங்கினாள். அந்த அம்மா ருமேனிய மொழியில். ஆளுக்கொரு வேகம். சரசு அறுபதைத் தொட்டபோது அந்த அம்மா நாற்பதில்தான் இருந்தார். யார் நூறு சொன்னால் வெளியே வருவது என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு குனிந்திருந்தேன்.