தரையில் கிடந்த மொட்டைமாடி

சின்னக்குழந்தை தன் வீட்டு மொட்டைமாடியைப் பெருக்கிச் சாமையைக் காயப்போட்டாள். ஏணி தேவைப்படவில்லை. மொட்டைமாடி தரையில் கிடந்தது.

அதைப் போட்டவன் அவள் புருஷன் கோபால்சாமி. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் கட்டட வேலையில் கிரேனுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தவன். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் பழைய கட்டடங்கள், நடுவே துண்டு நிலம். மொத்தமாகப் பள்ளம் தோண்டினால் பக்கத்துச் சுவர் சரிந்துவிடும். அதனால் முதலில் தூண்களை இறக்கினார்கள். தரைமட்டத்திலேயே தளத்தைப் போட்டு, அதில் விட்ட ஓட்டை வழியாக மண்ணை அள்ளி அள்ளிக் கீழே போனார்கள். மேலே மாடி ஏற ஏற, அடியில் கார் நிறுத்துகிற அறைகள் இறங்கின. அதைப் பார்த்த நாளிலிருந்து, கீழே தொடங்கி மேலே கட்டுகிறவர்கள் எல்லாரும் கோபால்சாமிக்கு விவரம் தெரியாதவர்களாகப் பட்டார்கள்.

ஜவ்வாது மலைக்குத் திரும்பியபோது, அண்ணன் சடையன் வீட்டுக்கும் ஒரு பாறைக்கும் நடுவில் இருந்த சந்துதான் அவன் பங்குக்கு வந்தது.

"அப்படியே மெட்ராஸ் சைட்டு," என்று பூரித்துப்போனான்.

நாலு தூண் இறக்கித் தளம் போட்டு மூலையில் ஓட்டை விட்டான். மண்வெட்டியோடு சின்னக்குழந்தை உள்ளே இறங்கினாள். அவன் மேலே நின்று கட்டைவிரலை உயர்த்தினால் அவள் கூடையைத் தூக்க வேண்டும். உள்ளங்கையை விரித்தால் நிறுத்த வேண்டும்.

"கை ஆட்டறது நீ, மண்ணு தூக்கறது நானா?" என்றாள் குழிக்குள்ளிருந்து.

"கிரேன் இந்த மாதிரிக் கேள்விலாம் கேக்காது மே."

இடுப்பளவு போனதும் மண்வெட்டி ணங்கென்றது. பக்கத்துப் பாறை அடியிலும் கால் நீட்டிப் படுத்திருந்தது.

அவர்கள் குடியிருந்தது சடையன் வீட்டுப் பின்னறையில். தை பிறந்தால் சடையன் மகனுக்குக் கல்யாணம், அறை புதுப்பெண்ணுக்கு. சாமையை வாரிவைத்த சாயங்காலம் அண்ணி ராணியம்மாள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, அறை எப்போ காலியாவும்?"

"வூடு முடிஞ்ச மாதிரிதான் அண்ணி. உள்ள போறதுதான் பாக்கி."

"ஊரே நீ நல்ல களம் போட்டேன்னு சொல்லுது."

"களம் இல்ல, மொட்டமாடி."

"அப்போ வூடு?"

"கீழ."

"கீழ பாறை இல்ல இருக்குது."

"அது நல்லதுதான் அண்ணி. அஸ்திவாரச் செலவு மிச்சம்."

ராணியம்மாள் சின்னக்குழந்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

"கல்யாணத்துக்கு முன்ன என்னை எங்க குடிவெக்கப் போற?" என்றாள் சின்னக்குழந்தை.

"இடுப்பளவு இருக்குதே. படுக்கறதுக்கு எதுக்கு ஒயரம்?"

"நின்னு சோறாக்கணும்."

அவன் யோசித்தான். "அப்போ தளத்தைத் தூக்கணும். கிரேன் வேணும்."

"தோண்டிப்போட்ட மண்ணு அப்படியே கெடக்குது. தளத்து மேல நாலு சுவரு வெச்சி, ஓடு போட்டுக்கினா வூடு."

கோபால்சாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அது மொத மாடி மே. கீழ வூடே இல்லாம மொத மாடி எப்படி வரும்?"

சின்னக்குழந்தை மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியையும் கூடையையும் எடுத்தாள்.

"இன்னா பண்ணப் போற?" என்று வாசலை மறித்து உள்ளங்கையை விரித்தான்.

அவள் அந்தக் கைக்கு அடியில் குனிந்து வெளியே போனாள்.