தலைப்புக்குப் பொருந்தாத கட்டுரை

ஏழாம் வகுப்பில் எனக்குக் கட்டுரைப் பரிசு கிடைக்காமல் போனதற்குக் காரணம் என் சித்தி. ஊரில் அமைதிக்குப் பாடுபட்டவர் யார் என்று எழுதச் சொன்னார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் சமாதானக் கூட்டம் நடத்திய பெரியவரைப் பற்றி எழுதினார்கள். நான், உண்ணிச்செடி பிடுங்கிய சித்தியைப் பற்றி எழுதினேன்.

போடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் ஊர். மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் ஒரே ஓடை. கோடை வந்தால் நாங்கள் மேலத்தெருக்காரர்கள் மண்மூட்டை போட்டு மறிப்போம். கீழத்தெருக்காரர்கள் வந்து பிரித்துப்போடுவார்கள். அப்படி ஒரு சித்திரையில் அப்பாவின் மண்டை உடைந்து ஆறு தையல். பெரியவர் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார். கையெழுத்தெல்லாம் போட்டார்கள். அடுத்த சித்திரையில் மறுபடியும் மண்மூட்டை.

ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வந்துகொண்டிருந்த சித்திதான், ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு தெருப் பெண்களையும் கூட்டிக்கொண்டு ஓடை பிறக்கும் ஊற்றுக்கு ஏறினாள்.

"அடச்சுக் கெடக்கிறது மேல. கீழ நின்னு மண்டைய ஒடைச்சு என்னத்துக்கு? வெரசா வாங்க" என்பாள்.

ஊற்றை அடைத்துப் புதராக மண்டியிருந்த உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கினார்கள். தூர் அள்ளினார்கள். நாவல் கன்று நட்டுக் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். மூன்றாம் கோடையில் ஓடை வற்றவில்லை. மண்மூட்டையோடு யாரும் வரவும் இல்லை.

ஆசிரியர் என் தாளைத் திருப்பித் தந்தார். "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா இது சுற்றுச்சூழல்மா. கேட்டது அமைதி."

வீட்டில் நான் அழுததைப் பார்த்துச் சித்தி சிரித்தாள். "போகுது விடு ஆத்தா." அப்பா சிரிக்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார், ஒரு பைக்கின் பின்னால் உட்கார்ந்து. ஓட்டி வந்தவர் கீழத்தெருக்காரர், அப்பாவை அடித்தவர்.

அப்பா குனிந்து தலையிலிருந்த தழும்பைக் காட்டினார். "சார், இது இவரு அடிச்சது. இப்ப இவரு வண்டியிலதான் சோலிக்குப் போறேன். எங்களச் சேத்து வச்சது பேச்சுவார்த்தை இல்ல, தண்ணி. அதக் கொண்டாந்தது என் கொழுந்தியா."

அடித்தவர் தரையைப் பார்த்தபடி, "ஆமா சார்" என்றார்.

பரிசைக் கொடுத்து முடித்திருந்தார்கள். ஆனாலும் அந்த வாரக் காலைக் கூட்டத்தில் என் கட்டுரையை ஆசிரியரே எழுந்து வாசித்தார்.

மலையைக் காப்பதற்கும் அமைதிக்கும் என்ன சம்பந்தம் என்று இன்று யாராவது கேட்டால் பதில் சொல்ல நான் யோசிப்பதே இல்லை. அன்றைக்கோ வெட்கத்தில் குன்றிப்போனேன். மண்டையை உடைத்த ஆளின் வண்டியில் ஏறி வர அப்பாவுக்கு ரோஷமே இல்லையா என்று நினைத்தேன். அப்பா அப்படி ஏறி வந்ததுதான் சித்தி வாங்கிய பரிசு என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.