‘பாட்டு’ என்ற ஃபோல்டர்

ஒரு பெண்ணின் குரலை அழித்தவன் நான். டிஸ்க் பழுதாகவில்லை... நான்தான் அழித்தேன்!

தல்லாகுளத்தில் ஜெயசீலன் அண்ணன் நடத்தும் கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் எனக்கு எடிட்டிங் வேலை. அவர் மனைவி ரூபி மதினி காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. மதினி தானே மெட்டுக்கட்டிப் பாடிய பாட்டுகள் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்தன.

அண்ணனுக்கு ஒரு வழக்கம். எந்தக் கல்யாணத்துக்கு ஃபோல்டர் திறந்தாலும், அதற்குள் ‘பாட்டு’ என்று ஒரு லிங்க் போட்டுவைப்பார். யார் வீட்டு நாதஸ்வரத்தையோ வெட்டி ஒட்டும் வேலைக்கு நடுவே, அதைத் திறந்து மதினியைக் கேட்பார். இயர்போனின் ஒரு முனை என் காதுக்கு. மதினியை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்தக் குரலுக்காகவே சீக்கிரம் வேலைக்கு வருவேன்.

லிங்க் என்பது வெறும் கைகாட்டி. கைகாட்டியைப் பிடுங்கினால் ஊர் அழியாது. அந்த நம்பிக்கையில்தான், டெலிவரி முடிந்த கல்யாணங்களைத் துடைக்க ஒரு நிரல் எழுதினேன். ஃபோல்டர் ஃபோல்டராக நுழைந்து, இருப்பதையெல்லாம் அழித்துக்கொண்டே போகும். எதிரே வருவது ஃபோல்டரா, லிங்க்கா என்று நின்று பார்க்க ஒரு வரி போதும்.

எழுதவில்லை! ஆழம் தெரியாமல் காலை விட்டேன். என் நிரல் கைகாட்டியோடு நிற்கவில்லை. அது காட்டிய வழியே போய் ஊரையே காலி செய்துவிட்டது.

முதலில் ஒரு சோதனை ஃபோல்டரில் ஓட்டிப் பார்த்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்... மீட்கப் பார்த்தேன். பாட்டுகளின் பெயர்கள் திரும்பி வந்தன. உள்ளே சத்தமில்லை.

“பாட்டு இருந்த டிஸ்க் போயிருச்சுண்ணே” என்றேன்.

அண்ணன் இயர்போனைக் கழற்றிச் சுற்றி வைத்தார். பிறகு, “மிஷினு தம்பி, அது என்ன செய்யும்? நீ எதுக்கு இம்புட்டு வருத்தப்படுற?” என்றார்.

அவர் திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ? இல்லை... அதுவும் எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் பொய்.

இன்றும் ஒவ்வொரு புது ஃபோல்டரிலும் அந்த லிங்க்கைப் போடுகிறார். திறந்தால் ஒன்றும் இருக்காது. கை பழகிவிட்டதாம்.

போன வாரம் எடிட்டிங் நடுவே என் பக்கம் திரும்பினார். “தம்பி, அந்த மழைப் பாட்டுல ரெண்டாவது அடியை எப்படி எடுப்பா அவ? எனக்கு மறந்து மறந்து போகுது. நீ கேட்டிருக்கேல்ல?”

எனக்கும் சரியாக நினைவில்லை. தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. மெல்லப் பாடிக் காட்டினேன். பாதி மதினியுடையது, பாதி நானாக இட்டுக்கட்டியது.

அண்ணன் கண்களை மூடிக்கொண்டார். “அதேதான்யா... அப்படியே அவதான்!”

இப்போது நாள் முழுவதும் அதைத்தான் முணுமுணுக்கிறார். நானோ, மதினி பாடிய அந்த அடி ஒரே ஒரு முறை காதில் விழாதா என்று ஏங்கிக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.